பட்டியலில் ஏறிய சேனல் எல்லாம் பெட்டியில் தெரிவதில்லை

கேள்வி: கனடாவில் தமிழ்ச் சங்கம் ஒன்று நடத்துகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒரு சேனலை இங்குள்ள கேபிளில் கொண்டுவர வேண்டும் என்று உறுப்பினர்கள், முக்கியமாக வயதானவர்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். யாருக்கு அனுப்பினால் அனுமதி கிடைக்கும்?

பதில்: கையெழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டாம், ஆனால் இப்போதைக்கு அதை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அதற்கு வேறொரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். வெளிநாட்டு சேனல்களை இங்கே கேபிளிலோ செயற்கைக்கோள் டிவியிலோ விநியோகிக்க அனுமதிப்பது சிஆர்டிசி எனப்படும் ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம். அனுமதி பெற்ற வெளிநாட்டு சேனல்களின் பட்டியல் ஒன்றை அது தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்திய சேனல்கள் பல ஏற்கெனவே அதில் உண்டு. நீங்கள் கேட்கும் சேனலின் பெயரும் அதில் இருந்துவிட்டால் அனுமதி என்ற பேச்சே முடிந்தது, நேராகக் கேபிள் நிறுவனத்திடம் பேச வேண்டியதுதான். இதைப் பார்க்காமலே மனு எழுத உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

பெயர் இல்லையா? சரி, அப்போது விண்ணப்பம் வேண்டும். வெளிநாட்டு சேனல் தானாக வந்து கதவைத் தட்ட முடியாது, இங்குள்ள ஒருவர் ஸ்பான்சராக நின்று அதற்காக விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறையில் பல மொழி சேனல்களை விநியோகிப்பதையே தொழிலாகக் கொண்ட கனடிய நிறுவனங்கள்தான் இதைச் செய்கின்றன. உங்கள் சங்கம் தனியாக இதில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காகித வேலையைக்கூடச் சமாளித்துவிடலாம், அதற்குப் பின் வரும் வியாபாரப் பேச்சுவார்த்தையைச் சங்கத்தால் நடத்த முடியாது.

காகிதம் என்று பார்த்தால் பெரிய கட்டு இல்லை. சேனல் எப்படிப்பட்டது, எந்த மொழியில், யாருக்காக என்ற விவரம், நிகழ்ச்சி அட்டவணை, அப்புறம் சேனலே கையெழுத்திட்டுத் தரும் ஒரு உறுதிமொழிக் கடிதம். விஷயம் முழுக்க இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. தான் ஒளிபரப்பும் எல்லாவற்றுக்கும் கனடாவில் விநியோகிக்கும் உரிமை தன்னிடம் இருக்கிறது அல்லது பெற்றுக்கொள்வேன் என்றும், கனடாவைப் பொறுத்தவரை எந்த நிகழ்ச்சிக்கும் தனக்கு மட்டுமேயான உரிமையோ முன்னுரிமையோ வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும் அந்த சேனல் எழுதித் தர வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் ஒரு பொழுதுபோக்கு சேனலின் வாரத்தை எடுத்துப் பாருங்கள்: தொடர்கள் சொந்தத் தயாரிப்பு, பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை படம்? அதை இந்தியாவில் ஒளிபரப்பும் உரிமையை மட்டும் வாங்கியிருப்பார்கள், வட அமெரிக்க உரிமை வேறு யார் கையிலோ இருக்கும். இதில் தெளிவு கிடைக்காமல் யாரும் விண்ணப்பம் போடக் கூடாது.

அடுத்தது மொழி. ஆங்கிலமும் பிரெஞ்சும் பூர்வகுடி மொழிகளும் அல்லாத மொழிகளில் நடப்பவற்றை மூன்றாம் மொழி சேனல்கள் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அதற்கு நிகழ்ச்சிகளில் குறைந்தது 90 சதவீதம் அப்படிப்பட்ட மொழியில் இருக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம் என்று வைத்தால், ஆங்கிலத்துக்குக் கிடைப்பது 17 மணி நேரம்கூட இல்லை. தினமும் இரண்டு மணி நேர ஆங்கில நிகழ்ச்சி என்றால் தப்பிக்கலாம், மூன்று மணி நேரம் என்றால் 21 ஆகிவிடும், கணக்கு உதைக்கும். இந்த வகைக்குள் வருவது ஏன் முக்கியம் என்றால், ஆங்கில, பிரெஞ்சு சேனல்களுக்கு உள்ளூர் சேனலோடு போட்டி போடுமா என்ற கேள்வி கடுமையாகக் கேட்கப்படும், மூன்றாம் மொழிக்கு 2004 டிசம்பரிலிருந்து கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. இத்தாலிய அரசு ஒளிபரப்பு நிறுவனமான ராய், தன் சர்வதேச சேனலைக் கொண்டுவரக் கேட்டபோது 2004 ஜூலையில் மறுத்துவிட்டார்கள். இத்தாலிய நிகழ்ச்சிகளைக் காட்டும் கனடிய சேனல் ஒன்று அப்போதே இருந்தது, அது பாதிக்கப்படும் என்பது கவலை. இத்தாலியச் சமூகம் கொதித்தது, கொள்கையே மாறியது, 2005 மே மாதம் அதே சேனலுக்கு அனுமதி கிடைத்தது. ஆக, கூட்டமாகக் குரல் கொடுத்தால் பலன் உண்டா என்றால் உண்டு. ஆனால் நீங்கள் போராட வேண்டிய கொள்கை இப்போது இல்லை, அது ஏற்கெனவே மாறிவிட்டது.

விண்ணப்பம் பொதுக் கருத்துக்கு விடப்படும், எதிர்ப்பு ஏதும் வராவிட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள். கொண்டாட அவசரப்படாதீர்கள். பட்டியலில் இருக்கிறது என்றால் கேபிள் நிறுவனம் அதைக் கொடுக்கலாம் என்று அர்த்தம், கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. அல் ஜசீராவின் அரபு சேனலுக்கு 2004-இல் அனுமதி கொடுத்தார்கள், கூடவே விநியோகிக்கும் நிறுவனம் அதை முழுநேரமும் கண்காணித்து, வெறுப்புப் பேச்சு வந்தால் வெட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். அந்தச் செலவை யார் ஏற்பது? கேபிள் நிறுவனங்கள் பின்வாங்கின. அனுமதி காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான். பெயர் ஏறியபின் நீக்கவும் முடியும், 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஆர்டி சேனலை அப்படித்தான் நீக்கினார்கள்.

இன்னொரு முடிச்சு: ஒரு மொழியில் வெளிநாட்டு சேனல் கொடுக்கும் உரிமம் பெற்ற நிறுவனம், அதே மொழியில் கனடிய சேனல் இருந்தால், ஒன்றுக்கு ஒன்று என்று அதையும் கொடுக்க வேண்டும். தமிழுக்குக் கனடிய சேனல்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்பதால் இது உங்களுக்குப் பெரிய தடை ஆகாது, ஆனால் பேசப் போகும்போது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கையெழுத்துகள். கேபிள் நிறுவனத்துக்கு வேண்டியது ஆதரவு இல்லை, சந்தாதாரர். பெயர் மட்டும் வாங்காமல், இப்போது எந்த நிறுவனத்தின் சேவை வைத்திருக்கிறார்கள், எந்தப் பகுதி, இந்த சேனலுக்காக மாதம் கூடுதலாகப் பணம் கட்டுவார்களா என்று மூன்று கேள்வி சேர்த்து (உரியவர் சம்மதத்தோடு) வாங்குங்கள். ஆயிரம் வெறும் கையெழுத்தைவிட இருநூறு குடும்பங்களின் இந்த விவரத்தைத்தான் ஸ்பான்சர் நிறுவனம் உட்கார்ந்து படிக்கும்.

இதெல்லாம் எதற்கு, எல்லா சேனலும் வரும் பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறதே என்று யாராவது உங்கள் கூட்டத்தில் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். உரிமை இல்லாமல் சேனல்களை நிரப்பிக் கொடுக்கும் பெட்டிகளை விற்பதற்கு எதிராக 2016-லேயே ஃபெடரல் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. இங்கே அனுமதியில்லாத வெளிநாட்டு செயற்கைக்கோள் சந்தா சிக்னலைப் பிரித்துப் பார்ப்பதும் சட்டப்படி தவறு என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சங்கத்தின் பெயரில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சேனலே நேரடியாக நடத்தும் செயலி என்பது வேறு கதை. இணையம் வழியாக வருவதற்கு இந்தப் பட்டியல் தேவையில்லை. அதனால் சேனலின் வெளிநாட்டு விநியோகப் பிரிவுக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: கனடா உரிமையை ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா, படங்களுக்கும் உரிமை உண்டா, கனடாவில் உங்கள் செயலி நேரலையோடு வேலை செய்கிறதா. மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால், பெரியவர்களின் டிவியில் அதை ஏற்றிக் கொடுக்க நான்கு இளைஞர்களைப் பிடியுங்கள், கேபிள் விவகாரம் அது பாட்டுக்கு நடக்கட்டும்.