ஹாலேயில் ஒரு பகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் முதுகலை படிக்கிறேன். போன சனிக்கிழமை தோழிகளோடு பக்கத்து ஊரான ஹாலேக்குப் போய்வந்தேன். பழைய பல்கலைக்கழக ஊர், கட்டாயம் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தைச் சதுக்கத்தில் இசையமைப்பாளர் ஹேண்டல் சிலையோடு படம் எடுத்தோம், சாக்லேட் வாங்கினோம், சாயங்காலம் ரயில் ஏறிவிட்டோம். பல்கலைக்கழகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே புரியவில்லை. இதில் நமக்கு என்ன இருக்கிறது என்றுதான் நாள் முழுக்கத் தோன்றியது. இப்படிப்பட்ட ஊரை ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

ர.

அன்புள்ள ர.,

உங்களுக்கு அங்கே நிறைய இருக்கிறது. மறுபடியும் போங்கள், இந்த முறை தனியாக.

நம் ஊரில் பல்கலைக்கழகம் என்றால் ஒரு மதில், ஒரு பெரிய வாசல், உள்ளே எல்லாம். ஹாலேயில் அப்படி இல்லை. துறைகள் ஊரெங்கும் கலந்து கிடக்கின்றன. கட்டடங்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த ஊரின் சண்டைகளைத் தேடிப் போங்கள். யாரைத் துரத்தினார்கள், யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், எதை அச்சிட மறுத்தார்கள் என்று பார்த்தால் ஊர் உங்களோடு பேச ஆரம்பிக்கும்.

உங்கள் லைப்ஸிக்கிலிருந்தே தொடங்கலாம். கிறிஸ்டியான் தொமாசியுஸ் என்ற சட்ட அறிஞர் 1687இல் அங்கே லத்தீனை விட்டுவிட்டு ஜெர்மன் மொழியில் விரிவுரை அறிவித்தார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். இறையியல் பேராசிரியர்களோடு மோதல் முற்றி, 1690இல் ஹாலேக்குப் போனார். அடுத்து, பியட்டிசம் என்ற கிறிஸ்தவ பக்தி இயக்கத்தைச் சேர்ந்த ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கேயும் லைப்ஸிக்கில் இருக்க முடியாமல் போய், எர்ஃபுர்ட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, ஹாலேக்கே வந்து சேர்ந்தார். 1694இல் முறைப்படி திறக்கப்பட்ட ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் இந்த இருவரும் முக்கியமானவர்கள். இன்று நீங்கள் புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் கடக்கிற அதே தூரம்தான்.

ஆனால் துரத்தப்பட்டவர்களும் துரத்துவார்கள். தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃப், கன்ஃபூசியஸைப் பின்பற்றும் சீனர்களுக்குக் கிறிஸ்தவ இறைவெளிப்பாடு இல்லாமலே நல்ல அறநெறி இருக்கிறது என்று 1721இல் ஹாலேயில் உரையாற்றினார். ஃபிராங்கேயின் தரப்பு கொதித்தது. 1723இல் ஹாலேயை அப்போது ஆண்ட பிரஷ்ய அரசரின் ஆணை வந்தது: 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் தூக்கு. 1740இல் புதிய அரசர் வந்த பிறகுதான் வோல்ஃப் திரும்ப முடிந்தது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். ஃபிராங்கே அங்கே கட்டியெழுப்பிய அனாதை இல்லம், பள்ளிகள், அச்சகம் எல்லாம் அவருக்குப் பின்னால் நின்றன. 1713இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் செய்யப்பட்டவை. 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் அங்கே அச்சானது. அந்த ஆண்டுகளில் அவர் ஐரோப்பாவுக்குப் போய்வந்தபோது உடன் சென்றவர் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். ஆகவே ஹாலேக்குப் போன முதல் தமிழர் நீங்கள் இல்லை! அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1727இல், இன்றைய கானாவில் பிறந்த அன்டோன் வில்ஹெல்ம் ஆமோ அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1729இல் ஐரோப்பாவில் கறுப்பின மக்களின் சட்ட உரிமை பற்றி அங்கே வாதிட்டார்.

இதையெல்லாம் 'ஜெர்மனியில் தமிழ்' என்ற பெருமிதத்தோடு மட்டும் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தமிழ் படித்தது மதம் மாற்றத்தான். சீகன்பால்க் தென்னிந்தியக் கடவுளர்களைப் பற்றி விரிவாக எழுதி 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதைப் பரப்ப அல்ல என்ற ரீதியில் ஃபிராங்கே அதை ஒதுக்கிவிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல், அது சென்னையில்தான் அச்சேறியது. வோல்ஃபைத் துரத்திய அதே அச்சம் இங்கேயும் வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பிற சமயத்தாரிடமும் அறம் உண்டு என்பதை அச்சில் பார்க்க அவர்களால் முடியவில்லை.

அப்படியும் ஒரு கதவு திறந்துகொண்டது. மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்கள், மொத்தம் 99 கடிதங்கள், ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு 1714இலும் 1717இலும் ஹாலேயில் வெளிவந்தன. பெயர்த்தவர்களின் கை அவற்றில் படிந்திருக்கிறது, அதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனாலும் தங்கள் சமயத்தையும் வாழ்க்கையையும் விளக்கி, எதிர்க்கேள்வியும் கேட்கிற 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் குரல்கள் அவை. எனக்கு அந்த ஊரிலேயே மிகப் பெரிய விஷயம் அதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ரயில் நிலையத்திலிருந்து நேராக ஃபிராங்கே அறக்கட்டளை வளாகத்துக்கு நடந்துவிடுங்கள். அனாதை இல்லத்தின் மேல்மாடியில், கூரையின் கீழ், 18ஆம் நூற்றாண்டின் அரும்பொருள் அறை இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும், அலமாரிகளில் உலகெங்கிலுமிருந்து வந்த பொருட்கள், நம் பக்கத்துப் பொருட்களும் உண்டு. அவசரப்படாமல் பாருங்கள். அதே வளாகத்தில் 1728இல் எழுந்த நூலகக் கட்டடமும் உண்டு. தமிழ் ஓலைச்சுவடிகள் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போனவுடன் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சந்தைச் சதுக்கத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், அதை விட்டுவிடலாம்.

போகும் முன் அந்த 99 கடிதங்களில் சிலவற்றையாவது படியுங்கள். உங்களுக்கு ஜெர்மன் தெரியும், பழைய எழுத்துருவுக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எந்தக் கடிதம் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அதைத் தமிழாக்கி அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.