தொட்டியில மணவாளக்குறிச்சி மணல்: கிளறலாமா?

அண்ணாச்சி, 3 அடி பவளத் தொட்டியில (பவளம் வளர்க்குற கடல்நீர் மீன் தொட்டி) மணவாளக்குறிச்சி கடற்கரை மணலை 4 அங்குலம் போட்டிருக்கேன், அடி கருத்து அழுகின முட்டை வாடை வருது, கிளறி விடலாமான்னு கேட்டிருக்கீங்க. கிளறவே கிளறாதீங்க. அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு. ஒரேயடியா தண்ணியில கலந்தா மீன் தாங்காது.

இதுல ஒரு குழப்பம் உண்டு. அடி கருத்தது சல்ஃபைடாலயும் இருக்கலாம், ஆனா நம்ம பக்கத்து மணல் பிறவியிலேயே கருப்பு, அது இல்மனைட்ங்கிற கனிமம். செவப்பா மின்னுறது கார்னெட்ங்கிற கனிமம். அதனால மெல்லிசு குழாயில அடிமணலை ஒரு சிட்டிகை உறிஞ்சி, வெள்ளைத் தட்டுல காத்தாட வைங்க. சல்ஃபைடு கருப்புன்னா கொஞ்சங்கொஞ்சமா வெளிறும். இல்மனைட் அப்படியே கிடக்கும்.

எதுவா இருந்தாலும் இந்த மணல் வேண்டாம். மோனசைட்ங்கிற கனிமமும் கலந்திருக்கு, அதுல கதிர்வீச்சு உள்ள தோரியம். சும்மாவா அங்க மத்திய அரசு மணல் ஆலை வச்சிருக்கு!

தண்ணி மாத்தும்போதெல்லாம் ஓரத்துல ஒரு கையகலத்துக்கு மட்டும் மணலை சைஃபன் பண்ணி (குழாயால தண்ணியோட உறிஞ்சி) வெளியே எடுங்க. அமோனியா ஏறலைன்னு பாத்துட்டு அடுத்த பட்டை. அவசரப்பட்டா எல்லாம் போச்சு.

புது மணலுக்கு 1-2 மில்லிமீட்டர் ஆரகனைட் (சுண்ணாம்பு மணல்), ஒன்றரை அங்குலம் தாராளம். சீனி மாதிரி பொடி வாங்கினா வேவ்மேக்கர் (தொட்டியில அலை கிளப்புற பம்பு) அள்ளி வீசிடும். பாறை மணல்மேல இல்லாம கண்ணாடியில உக்காரணும். மேல்மணலை நசாரியஸ் நத்தை (மணல்ல புதைஞ்சு திரியுற நத்தை) பாத்துக்கும்.

கரையில ஒதுங்கின பவளத்தை இடிச்சுப் போடலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. 1972 வன உயிரினச் சட்டத்துல பவளம் முதல் அட்டவணை, அதாவது அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல்.