செக்போஸ்ட்டில் சுட்டுக் கொன்றால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கேள்வி: ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டில் போய் நின்றுகொண்டு, செக்போஸ்ட்டில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறது. செத்தவரின் குடும்பம் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனால் உண்மையில் ஏதாவது நடக்குமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: நடக்கும், நடந்திருக்கிறது. ஜலூத் எதிர் நெதர்லாந்து என்ற வழக்கைத் தேடிப் படியுங்கள்.

2004 ஏப்ரல் 21, தெற்கு இராக்கில் ருமைதா என்ற ஊருக்கு வடக்கே ஒரு செக்போஸ்ட். காவல் நின்றவர்கள் இராக்கின் சிவில் பாதுகாப்புப் படையினர். அதிகாலை 2.12-க்கு ஒரு கார் வந்து வளைந்து திரும்பியது, உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள், இவர்களும் திருப்பிச் சுட்டார்கள், கார் பறந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. தகவல் போய் நெதர்லாந்து ராணுவ ரோந்து ஒன்று 2.30 வாக்கில் வந்து சேர்ந்தது. சரியாகக் கால் மணி நேரம்தான், 2.45-க்கு ஒரு மெர்சிடிஸ் வேகமாக வந்து, நடு ரோட்டில் வைத்திருந்த பீப்பாய்களில் ஒன்றை இடித்துவிட்டு நிற்காமல் போனது. நெதர்லாந்து லெப்டினன்ட் 28 ரவுண்டு சுட்டார். இராக்கியர்களும் சுட்டிருக்கலாம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் நெஞ்சில் குண்டு பாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோனார். முதலில் வந்து சுட்டுவிட்டுப் போன கார் இது இல்லை.

அவருடைய அப்பா ஜலூத் விடவில்லை. நெதர்லாந்து அரசு வழக்கறிஞர் தரப்பு அந்த அதிகாரி தற்காப்புக்காகவே சுட்டதாக நம்பினார் என்று சொல்லி ஃபைலை மூடிவிட, அந்த நாட்டின் ஆர்னம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2008 ஏப்ரலில் கையை விரித்துவிட்டது. அன்றைக்கு ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக ஆறு மாதம்தான் கெடு. அக்டோபர் 6-ம் தேதி மனு போய்விட்டது, கெடு முடியும் தறுவாயில். "அங்கே ஆக்கிரமிப்பு அதிகாரம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும்தான், நாங்கள் பிரிட்டிஷ் அதிகாரியின் கீழ் இருந்தோம்" என்று நெதர்லாந்து வாதாடியது. 17 நீதிபதிகள் அமர்ந்த பேரமர்வு 2014 நவம்பர் 20-ல் அதை ஏற்கவில்லை. செக்போஸ்ட் போட்டு, அதன் வழியாகப் போகிறவர்கள் மேல் அதிகாரம் செலுத்தினால், அந்த இடத்தில் அவர்களுடைய உயிருக்கும் நீங்கள் பொறுப்பு. நெதர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரி. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் உயிரே இதுதான்.

கேள்வி: சரி, சுட்டவர் ஜெயிலுக்குப் போனாரா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: போகவில்லை, அந்த நீதிமன்றத்தால் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவும் முடியாது. அங்கே பிரதிவாதி ஒரு நாடு, தனி மனிதர் இல்லை. அது கேட்கும் கேள்வியும் வேறு: ஒருவர் உயிர் போனபோது ஒழுங்காக விசாரித்தீர்களா? நெதர்லாந்து மாட்டிக்கொண்டது இதில்தான். லெப்டினன்ட்டை விசாரித்தது ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, அதுவரை மற்றவர்களோடு பேசவிடாமல் அவரைத் தனியே வைக்கவும் இல்லை. இராக்கியர்களில் யார் யார் எத்தனை ரவுண்டு சுட்டார்கள் என்ற பட்டியல் கோர்ட் ஃபைலுக்கே வரவில்லை. பிரேதப் பரிசோதனை நடந்தபோது நெதர்லாந்துத் தரப்பில் யாரும் உடன் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. உடம்பிலிருந்து எடுத்த உலோகத் துண்டுகள், எந்தத் துப்பாக்கியின் குண்டு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, பாக்தாத் போலீஸுக்குப் போயின, அப்புறம் எங்கே போயின என்றே தெரியவில்லை. மகன் நெஞ்சிலிருந்து எடுத்ததைத் தொலைத்துவிட்டு, பெரும்பாலும் இராக்கியர் குண்டாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் வாழும் உரிமையைச் சொல்லும் 2-வது பிரிவின்படி விசாரணைக் கடமையில் நெதர்லாந்து தவறியது என்று நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தந்தைக்கு 25,000 யூரோ இழப்பீடு. கொலைக்கு அது விலையில்லை. ஆனால் பத்து வருஷமாக "நாங்கள் பொறுப்பில்லை" என்றே கேட்டுவந்த ஒரு மனிதருக்கு, பொறுப்பு உண்டு என்று எழுத்தில் கிடைத்தது.

தண்டனை வேண்டுமென்றால் அந்தந்த நாட்டுக் குற்றவியல் கோர்ட்தான். அதுவும் லேசில் வராது. வட அயர்லாந்தின் ஆக்னக்ளாய் செக்போஸ்ட்டில் 1988-ல், கேலிக் ஃபுட்பால் மைதானத்துக்கு நடந்து போன 23 வயது இளைஞரைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய், விரல் ஈரமாக இருந்ததால் டிரிகரில் வழுக்கிவிட்டது என்றார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2022-ல். தண்டனை மூன்று வருஷம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

கேள்வி: நம் பக்கத்து ஆட்கள் ஸ்ட்ராஸ்பர்க் போகலாமா? என் அண்ணன் குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். (வாசகி, மதுரை)

பதில்: இந்தியா மேலோ இலங்கை மேலோ அங்கே வழக்குப் போட முடியாது. ஆசியாவுக்கென்று அப்படி ஒரு நீதிமன்றமே இல்லை, அது பெரிய குறை. 1996-ல் யாழ்ப்பாணத்துச் செம்மணி செக்போஸ்ட்டில் பள்ளி மாணவியும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்களே, அந்த வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றத்தில்தான் நடந்து 1998-ல் தண்டனை வந்தது. நம் ஊர் செஷன்ஸ் கோர்ட்டில் "மனித உரிமை நீதிமன்றம்" என்று போர்டு பார்த்திருப்பீர்கள். அது 1993-ம் வருஷச் சட்டத்தின்படி நம் மாவட்டக் கோர்ட்டே, ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் ஐரோப்பிய உடன்படிக்கையில் இருக்கும் 46 நாடுகளில் ஒன்றால் உங்களுக்குக் கொடுமை நடந்தால், நீங்கள் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் போகலாம். அந்த இராக்கிய அப்பா ஐரோப்பியர் இல்லையே. முதலில் அந்த நாட்டு மேல் கோர்ட் வரை போய்ப் பார்த்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து கெடு நான்கு மாதம்தான், கடைசித் தீர்ப்பிலிருந்து எண்ண வேண்டும். கட்டணம் கிடையாது. நீதிமன்றத்தின் சொந்தப் படிவத்தை முழுசாக நிரப்பி, இணைப்புகளோடு தபாலில் அனுப்ப வேண்டும், தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. அண்ணனிடம் சொல்லுங்கள், படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் மனுவை ஏற்காமல் போகலாம், அதற்குள் கெடு முடிந்துவிடலாம்.