மூத்திரப்பைப் புற்று மறுபடி வந்தால்: புது மருந்து தேடும் முன்னால் பழைய பேப்பரைப் பாருங்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 63 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. ரெண்டு வருஷத்தில் மூணு தடவை மூத்திரப்பையில் கட்டியைச் சுரண்டி எடுத்தாச்சு. பிசிஜி மருந்து வைத்தும் திரும்ப வந்துவிட்டது, பையையே எடுக்கணும் என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர், திருவனந்தபுரத்தில் புது மருந்து ட்ரயலில் சேர்த்துவிடுகிறேன், 40 ஆயிரம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா டாக்டர்?"

கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். ட்ரயல் என்பது மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கிற ஆராய்ச்சி, அந்த மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, சேர்த்துவிட இடையில் ஒரு ஆளும் தேவையில்லை. 2009 ஜூன் முதல் இந்தியாவில் எந்த ட்ரயலையும் தொடங்கும் முன்னால் அரசுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சிடிஆர்ஐ என்று தொடங்கும் ஒரு எண் உண்டு, இணையத்தில் யாரும் பார்க்கலாம். அந்த ஆளிடம் "சிடிஆர்ஐ நம்பர் என்ன, பொறுப்பு டாக்டர் யார், எங்களுக்குப் புரிகிற மொழியில் சம்மதப் படிவம் எங்கே" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். இப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில்தான் நிற்பார்கள். கையில் கலர் கலராக ஃபைல் வைத்திருப்பார்கள், நாலு டாக்டர் பேரைச் சரளமாகச் சொல்வார்கள். நம்ம ஊர்க்காரர் என்று பேச்சிலேயே தெரிந்ததும் "நானும் மார்த்தாண்டம்தான்" என்று ஒட்டிக்கொள்வார்கள். அட்மிஷன் சீக்கிரம் வாங்கித் தருகிறேன், ஸ்கேனில் சலுகை வாங்கித் தருகிறேன் என்பதும் இதே கூட்டம்தான். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். புது மருந்து பற்றிக் கேட்பதற்கு முன்னால், பழைய மருந்து முழுசாகப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் துணிக்கடைப் பையில் எல்லா ரிப்போர்ட்டையும் திணித்துக்கொண்டு வருவீர்கள், முதல் ஆபரேஷன் பேப்பர் அடியில் மடங்கிக் கிடக்கும். அதையெல்லாம் மேசையில் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட், அதாவது சுரண்டி எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட். கட்டி மேல்தோலில் மட்டும் இருக்கிறதா, அடுத்த அடுக்குக்கு இறங்கியதா, தசைக்குள் போய்விட்டதா என்பதை வைத்துத்தான் எல்லாமே. அதில் "மசில் நாட் சீன்" என்று ஒரு சின்ன வரி இருந்தால், சுரண்டி எடுத்த சதையில் தசையே வரவில்லை என்று அர்த்தம். தசையில் நோய் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்து நிம்மதியாகிவிடுகிறார்கள். அப்படி இருந்தால், அல்லது இரண்டாம் அடுக்குக்கு இறங்கிய ஹை கிரேடு (வீரியம் அதிகமான) கட்டி என்றால், ரெண்டு முதல் ஆறு வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது நடந்ததா என்று கேளுங்கள். மேலே சிறுநீரகக் குழாய்களையும் சிடி ஸ்கேனில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்தது பிசிஜி. காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடுகிற அதே தடுப்பு மருந்து இனம்தான், 1976 முதல் இதற்குப் பயன்படுகிறது. வாரம் ஒன்றாக ஆறு வாரம் குழாய் வழியாக உள்ளே விட்டு, ரெண்டு மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அத்தோடு முடிவதில்லை. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மும்மூன்று டோஸாக ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை தொடர வேண்டும். "பிசிஜி வேலை செய்யவில்லை" என்று சொல்ல, முதல் ஆறில் குறைந்தது ஐந்தும், அதன் பிறகு குறைந்தது ரெண்டும் போயிருக்க வேண்டும் என்பது கணக்கு. நடப்பது என்ன? நாலு டோஸ் போனதும் மருந்து ஸ்டாக் இல்லை, வந்ததும் போன் செய்கிறோம் என்று அனுப்புகிறார்கள். போன் வராது. பால்வெட்டுக்குப் போகிற மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் "இன்னும் வரவில்லை" என்று கேட்டுத் திரும்புவார். மூன்று மாதம் கழித்துக் கட்டி வந்ததும் சீட்டில் "பிசிஜி ஃபெயில்" என்று எழுதிவிடுவார்கள். ஃபெயில் ஆனது மருந்தா, மருந்தை வாங்கி வைக்காத ஏற்பாடா? அந்த ஒரு வார்த்தையால் ஒரு மனிதரின் பை போகப் போகிறது என்ற நினைப்பு எழுதுகிறவருக்கு இருக்க வேண்டாமா?

அதனால் எத்தனை டோஸ், எந்தத் தேதிகளில் என்று எழுதி வாங்குங்கள். பாதியில் நின்றிருந்தால், மறுபடி முழுசாக பிசிஜி கொடுக்கலாமா என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. இதிலும் ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு டோஸை ஒழுங்காகப் போட்டு முடித்து, மூன்றாம் மாதம் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற ஸ்கோப்பிலேயே இரண்டாம் அடுக்குக்கு இறங்கிய ஹை கிரேடு கட்டி இருந்தால், மறுபடி பிசிஜி என்று காலம் கடத்தக் கூடாது. அந்த நிலையில் பையை எடுக்கச் சொல்கிற டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார்.

பிசிஜி முழுசாகப் போயும் ஹை கிரேடு நோய் வந்தது என்றால், பையை எடுப்பதுதான் இன்றைக்கும் அதிக நம்பிக்கை தரும் வழி. தசைக்குள் இறங்கும் முன்னால் செய்தால் பலன் நன்றாக இருக்கும். குடலில் ஒரு துண்டை எடுத்து, மூத்திரம் அதன் வழியாக வயிற்றுக்கு வெளியே ஒட்டிய பைக்கு வருகிற மாதிரி வைப்பார்கள், சிலருக்கு உள்ளேயே புதுப் பை செய்வார்கள். முடியாது என்கிறவர்களுக்கும் உடம்பு தாங்காதவர்களுக்கும், ஜெம்சிடபின், டோசிடாக்ஸல் என்ற ரெண்டு கீமோ மருந்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள்ளேயே விடுவது ஒரு நல்ல வழி. ரெண்டும் இந்தியாவிலேயே தயாராகிறவை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. அந்த இம்யூனோதெரபி ஊசியான பெம்ப்ரோலிசுமாப்பை 2020ல் அமெரிக்கா இதற்கு அனுமதித்தது. பையின் உள்தோலில் தட்டையாகப் பரவும் வகையில், ஐந்தில் ரெண்டு பேருக்குத்தான் நோய் முழுசாக மறைந்தது, அதிலும் சுமார் பாதிப் பேருக்குப் பதினாறு மாதத்துக்குள் திரும்ப வந்தது. வீட்டை விற்று அதைப் போடுகிறேன் என்றால், இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ரெண்டாவது கருத்து கேட்க எங்கே போவது? நெய்யூரிலேயே புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, சென்னையில் 1954லிருந்து அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. நேராகப் போய் ஓபி சீட்டு போடலாம். போகும்போது ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது, பயாப்சி செய்த லேபில் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்கு வா, சார் லீவு" என்று இழுத்தடிப்பார்கள், அது உங்கள் அப்பாவின் சதை, கேட்பது உங்கள் உரிமை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நாட்டு மருந்து கொடுக்கிறவர் யாராவது "இனி ஸ்கோப் வேண்டாம், குழாய் விட்டால் நோய் பரவும்" என்று சொன்னால் அவரிடம் போகாதீர்கள். கஷாயம் குடித்துக்கொண்டு எட்டு மாதம் ஸ்கோப்புக்கு வராமல் இருந்த ஒருவருக்குத் தசையைத் தாண்டிப் போயிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கோப், முதல் ரெண்டு வருஷம், தவறக் கூடாது.

அப்பா பீடி பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. விடிகாலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பலருக்கும் மடியில் ஒரு கட்டு இருக்கும். அதில் உள்ள விஷம் மூத்திரத்தில் சேர்ந்து நாள் முழுக்க அந்தப் பையில்தான் தேங்கி நிற்கிறது. இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பேப்பர்களை அடுக்கிவிட்டு பிசிஜி தேதிகளை எனக்கு எழுதுங்கள், மறுபடி பிசிஜி கேட்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.