சிங்கப்பூரின் தரைப்படை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் ராணுவம் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பள்ளி முடித்த பையன்களை இரண்டு வருடம் வைத்திருந்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குள் என்ன படிய வரும்? சம்பளத்துக்கு ஆள் எடுத்து, சின்னதாக ஒரு நல்ல படை வைத்தால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

அந்த இரண்டு வருடத்தையே படை என்று எண்ணுவதால் வரும் சந்தேகம் இது. அது ஆளைத் தயார்செய்யும் காலம் மட்டுமே. படையின் பெரும்பகுதி இன்று காலை வேலைக்குப் போயிருக்கிறது.

1965 ஆகஸ்டில் தனிநாடானபோது கையிலிருந்தவை இரண்டே காலாட்படை பட்டாலியன்கள். அதிலும் ஒன்று போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபாவில் இருந்தது. 1966 பிப்ரவரியில்தான் ஊர் திரும்பியது. இந்தியாவிடமும் எகிப்திடமும் கேட்ட உதவி அமையவில்லை. இஸ்ரேலிய அதிகாரிகள் வந்தார்கள். வெளியே தெரியாதிருக்க அவர்களை ‘மெக்சிகர்கள்’ என்றார்கள். சம்பளப் படை என்றால் ஆண்டு முழுக்கச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு. அவ்வளவு செலவழித்தும் சிறிய நாட்டுக்குத் தேறுவது சில ஆயிரம் பேர். கோ கெங் சுவீ பாதுகாப்பு அமைச்சராக இருந்து கட்டிய ஏற்பாடு வேறு. 1967 மார்ச்சில், இளைஞர்களுக்குப் படைச்சேவையைக் கட்டாயமாக்கத் தேசிய சேவைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சுமார் 9,000 இளைஞர்கள் பதிந்தார்கள். அவர்களில் 900 பேர் ஆகஸ்ட் 17 முதல் முழுநேரப் பயிற்சிக்குப் போனார்கள்.

இதன் உயிர்நாடி, ஒன்றாகப் பயின்ற பட்டாலியன் ஒன்றாகவே வெளியேறுவது. ஒரு செக்‌ஷன் என்ற சிறு குழுவுக்கு ஏழு பேர். பத்தாண்டுச் சுற்றில், வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள், போர்க்காலப் படைவீரர்களாக அவர்களைத் திரும்ப அழைக்கும்போது பெரும்பாலும் அதே முகங்கள்தான். யார் வேகமாக ஓடுவான், யாருக்கு இருட்டில் வழி பிடிபடாது என்பது ஏற்கெனவே தெரியும். அந்த நாட்களில் குறையும் வருமானத்தை அரசு ஈடுகட்டுகிறது.

வெளியே இருக்கும் காலத்தில் கெடுவது கைப்பழக்கமும் உடம்பும். உடம்புக்கு வருடாந்தரத் தேர்வு: தண்டால், சிட்-அப், 2.4 கி.மீ. ஓட்டம். தேறாதவர் கூடுதல் பயிற்சிக்கு வரவேண்டும். கைப்பழக்கத்துக்குத் துப்பாக்கியிலேயே வழி செய்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் கையாளும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி உடன்பொருத்தியே வருகிறது. குறி தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டது. இல்லாவிட்டால் திரும்பி வந்தவர்கள் ஆளுக்கு ஆள் குறி திருத்துவதிலேயே பொழுது போய்விடும். 30 தோட்டா மேகசினில் ஒளி ஊடுருவும். மிச்சம் எத்தனை என்று கழற்றாமலே தெரியும்.

தீராத குறை இடம். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கி.மீ. உள்ள தீவில் 155 மி.மீ. பீரங்கியை எங்கே சுடுவது? அதனால்தான் 1975 முதல் தைவான், 1990 முதல் ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலும் பீரங்கிப் பயிற்சி நடந்திருக்கிறது.

இந்தப் படையை எடைபோட, தேசிய தின அணிவகுப்பை விடப் படைத்திரட்டுப் பயிற்சியைப் பாருங்கள். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பிரிவுகளின் குறிச்சொற்கள் வரும். தன் பிரிவின் சொல்லைக் கண்டவர் கணினியை மூடிவிட்டு, பையோடு முகாமுக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள் என்று அங்கே எண்ணுகிறார்கள்.