பட்டறைக் கேள்விகள்: பழைய பேருந்தை மீட்டெடுப்பவர்களுக்கு

கேள்வி: பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற டீசல் பேருந்து ஒன்று கிடைத்திருக்கிறது. புதிய பேட்டரி மாட்டி ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. நல்ல நிலையில் வந்த என்ஜின் பலவும் கெடுவது இந்த முதல் முயற்சியில்தான். பிஸ்டன் ரிங்குகள் லைனரோடு (சிலிண்டரின் உள்சுவர்) துருவேறி ஒட்டியிருந்தால் ஸ்டார்ட்டரின் விசையில் உடைந்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

முதலில் சம்ப் (என்ஜினின் அடித்தொட்டி) ஆயிலை இறக்குங்கள். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கட்டையோ (சிலிண்டர் மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) லைனரின் அடி ரப்பர் வளையங்களையோ பார்க்காமல் மேலே போக வேண்டாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் 30 முதல் 50 மி.லி. மெல்லிய ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துச் சுற்ற வேண்டும். அசையவில்லை என்பதற்காக ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி இழுக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. சுற்றும்போது ராக்கர் கவரை (வால்வுகளின் மேல்மூடி) திறந்து வைத்திருங்கள். ஒரு வால்வு மட்டும் மேலே திரும்பாமல் நின்றால் அதன் தண்டில் ஆயில் விட்டு இளக்கிய பிறகே தொடரலாம். அப்படியே சுற்றினால் வால்வோ அதை இயக்கும் புஷ்ராடோ வளையும்.

டேங்கில் கிடக்கும் பழைய டீசலைத் தொடவே வேண்டாம். சுத்தமான கேனில் 10 லிட்டர் புது டீசல், புது ஃபில்டர்கள் போதும். ஏர் எடுக்கும்போது (டீசல் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) வரிசை முக்கியம்: முதலில் ஃபில்டரின் திருகு, அடுத்து பம்பின் திருகு, கடைசியில் இன்ஜெக்டர் பைப் நட்டுகள். முதல் இரண்டிலும் குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரை ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சிறு பம்ப்) அடிக்க வேண்டும். இன்ஜெக்டர் பைப்பில் உள்ள காற்று, கடைசியில் டீசல் விட்டு ஸ்டார்ட்டரால் சுற்றும்போதுதான் வெளியேறும்.

இனி வருவதுதான் பலர் விட்டுவிடும் இடம். நீண்டநாள் நின்ற இன்லைன் வகை டீசல் பம்பில் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்தண்டு) முழு டீசல் நிலையிலேயே இறுகியிருக்கலாம். அப்படியானால் ஸ்டார்ட் ஆன கணமே வேகம் எகிறிக்கொண்டே போகும். டீசலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது, சாவியைத் திருப்பினாலும் நிற்காது. எனவே பம்பின் பக்க மூடியைக் கழற்றி, ரேக் விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதோடு, காற்று உள்ளே போகும் வாயை முழுவதும் மூடுமளவு தட்டையான பிளைவுட் துண்டு ஒன்றை ஒருவர் கையில் வைத்து அருகில் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூடவே கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

எல்லாம் சரியென்றால் புது ஆயில் ஊற்றி, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி 10 விநாடி, 10 விநாடியாக ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். இடையிடையே ஸ்டார்ட்டர் ஆற வேண்டும். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகே டீசல் விடுங்கள்.

கேள்வி: பக்கவாட்டு அலுமினியத் தகடுகளின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கொப்புளித்து வெள்ளைப் பொடி கொட்டுகிறது. தேய்த்துப் பட்டி போட்டுவிடலாமா?

பதில்: பட்டி சில மாதம் மறைக்கும், அவ்வளவுதான். அலுமினியமும் இரும்புச் சட்டமும் நேரடியாகத் தொட்டு, இடையில் ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். அந்த வெள்ளைப் பொடி அதன் அடையாளம். தகட்டைப் பிரித்தால் பின்னால் இருக்கும் இரும்பும் துருப்பிடித்து உப்பியிருப்பதைக் காண்பீர்கள்.

ஒரு பக்கத்துத் தகடுகளை மொத்தமாகக் கழற்றிவிடாதீர்கள். பாடியின் விறைப்பில் பெரும்பங்கு அந்தத் தகடுகளுடையது. எல்லாம் போனால் சட்டம் தொய்ந்து கதவு வாசல் கோணிக்கொள்ளும். கதவு வாசலிலும் ஒவ்வொரு ஜன்னல் கட்டத்திலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுத்து எழுதி வையுங்கள். குறுக்கே தற்காலிக இரும்பு ஆங்கிள் கட்டி, ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

ரிவெட்டின் நடுவில் பஞ்ச் அடித்து, தலையை மட்டும் டிரில் செய்து, தண்டைத் தட்டி வெளியேற்றினால் துளை பெரிதாகாது. அழுகிய சட்டத்தை வெட்டிப் புதியது வெல்டிங் செய்தபின் எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோட்டு. தகட்டின் உட்பக்கத்தைச் சுத்தமாகத் தேய்த்து அதற்கும் பிரைமர். இரண்டும் சேரும் இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் பிரிக்க, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை). இந்த டேப்பை மிச்சம் பிடிப்பவர்கள் இதே வேலையை மறுபடி செய்ய நேரும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. டிரில் பிட் போதும். எஃகு ஊசியுள்ள (இழுத்து உடைக்கும் நடுத்தண்டு எஃகாக உள்ள) திறந்த ரிவெட்டைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே மிஞ்சும் துண்டு துருவேறி, புது பெயிண்டில் பழுப்புக் கறையாக வடியும். கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகளைப் பிரைமரோ டேப்போ அடைத்துவிடாமல் கவனியுங்கள்.

பாடிச் சட்டம் மரமாக இருந்தால், தூண் அடிகளில் கூரான ஊசியைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்தத் தூணை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: இடப்பக்கச் சக்கர நட்டுகள் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கழலவில்லை.

பதில்: இறுக்கிக்கொண்டிருக்கிறீர்களோ என்று பாருங்கள். பல பழைய கனரக வண்டிகளில் இடப்பக்கம் எதிர் மறை, அதாவது வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். ஸ்டட்டின் (நட்டு ஏறும் போல்ட்) முனையில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். பிரிட்டிஷ் சேசிஸ் என்றால் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் இருக்கலாம். மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கும்.

கேள்வி: ஏர் பிரேக்கில் என்னென்ன மாற்ற வேண்டும்? என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டதால் வண்டியை நகர்த்திப் பார்க்க ஆசை.

பதில்: பிரேக் முடியும்வரை வண்டி நகரக் கூடாது. பழைய ரப்பர் ஹோஸ், சேம்பர் டயாஃப்ரம் (காற்றழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் ரப்பர் தகடு) எல்லாவற்றையும், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றுங்கள். சிஸ்டத்தை 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை ஏற்றி, என்ஜினை நிறுத்தி, பெடலை முழுவதும் மிதித்துப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேட வேண்டும். ஏர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரையும் ஆயிலையும் வெளியேற்றுங்கள். ஆயில் நிறைய வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது.

பின் சக்கரத்தில் பிற்காலத்தில் ஸ்பிரிங் பிரேக் சேம்பர் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கால் பிரேக் போடும் டப்பா) பொருத்தப்பட்டிருந்தால், அதன் கிளாம்பைக் கழற்றாதீர்கள். பல நூறு கிலோ விசையோடு அமுங்கிய ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது. திறந்த ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை அமுக்கிய நிலையிலேயே பிடித்துவைக்கும் கேஜிங் போல்ட்டால் பூட்டி, சேம்பரை முழுதாக இறக்கிப் புதியது மாட்டுங்கள்.

பழைய பிரேக் லைனிங்கில் (டிரம்மில் உரசும் பட்டை) நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் காற்றடிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். டிரம்மின் அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் அதன் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்த டிரம்மைக் கடைந்து பயன்படுத்த முடியாது.

கேள்வி: பல முறை பெயிண்ட் அடித்த பேருந்தின் முதல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நம்பர் பிளேட், விளக்கு, படிக்கட்டு ஓரத் தகடு போன்றவற்றைக் கழற்றினால் அடியில் வெயில் படாத நிறம் கிடைக்கும். அங்கே 800 நம்பர் தாளால், தண்ணீர் விட்டு, உள்ளங்கை அளவு வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அடியில் தெரியும் சாம்பலோ செங்காவியோ பிரைமர். அதற்கு மேலே உள்ள முதல் வளையமே தொழிற்சாலை நிறம்.