ராஸ்பெரி பை வாங்கி ரிவியில் பூட்டலாமா?

கேள்வி: எங்களிடம் இருப்பது 32 அங்குல சாதாரண எல்.ஈ.டி ரிவி, ஸ்மார்ட் இல்லை. கனடாவிலிருந்து லீவில் வரும் தம்பி, ராஸ்பெரி பை 4 அல்லது 5 என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினி கொண்டுவருகிறேன், அதில் அன்ட்ரொயிட் ரிவியைப் போட்டால் எல்லாம் பார்க்கலாம் என்கிறார். ரவுணில் ஒரு கடையில் அதைவிட மலிவாக ஒரு ரிவி பொக்ஸ் இருக்கிறது, ஆயிரக்கணக்கான சனல்கள் இலவசமாம். எங்களுக்குத் தேவை யூரியூப், நெற்ஃபிளிக்ஸ், ஹார்ட்டிஸ்கில் இருக்கும் வீட்டுக் கலியாண வீடியோக்கள். எதை எடுக்கலாம்?
வாசகி, கிளிநொச்சி

பதில்: மூன்றாவது தேவைக்கு ராஸ்பெரி பை அருமையான சாமான். முதல் இரண்டுக்கும் அது சரிவராது. தம்பி வெளிக்கிட முன்னர் இதை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்ட்ரொயிட் ரிவி என்பது ரிவிகளுக்காகக் கூகுள் செய்த இயங்குதளம். பைக்கென்று கூகுள் சான்றளித்த பதிப்பு அதில் கிடையாது. இணையத்தில் கிடைப்பது ஆர்வலர்கள் தங்கள் முயற்சியில் செய்து வெளியிடும் பதிப்பு. அது ஓடும், படமும் வரும். ஆனால் பிளே ஸ்ரோரைத் தனியாக ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் நெற்ஃபிளிக்ஸ் அதில் தென்படாமல் போகலாம். நெற்ஃபிளிக்ஸ் தன் படங்களை வைட்வைன் என்ற பூட்டுப் போட்டே அனுப்புகிறது. எச்.டி தரத்தில் பார்க்க அந்தப் பூட்டின் முதலாம் நிலைச் சான்று கருவிக்கு இருக்க வேண்டும். பையில் கிடைப்பது மூன்றாம் நிலை மட்டும். ஒருமாதிரி ஓட வைத்தாலும் டிவிடி அளவுத் தெளிவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மாதாமாதம் காசு கட்டிவிட்டு மங்கலாகப் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இந்த இரண்டுக்கும் கூகுள் சான்று பெற்ற ஒரு ரிவி ஸ்ரிக் அல்லது பொக்ஸ் எடுங்கள். சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கூகுளே வெளியிட்டிருக்கிறது. தம்பியிடம் சொன்னால் பார்த்து வாங்கி வருவார்.

கடையில் காட்டிய மலிவுப் பொக்ஸை மட்டும் எடுக்காதீர்கள். விலைக்காக நான் இதைச் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் ரி95 என்ற பெயரில் விற்கப்பட்ட பொக்ஸ் ஒன்றில், வாங்கும்போதே தீய மென்பொருள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு இப்படிப்பட்ட பொக்ஸ்களின் பெரிய வலையமைப்பே வெளிச்சத்துக்கு வந்து, 'பேட்பொக்ஸ்' என்று பெயர் பெற்றது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் வழக்குத் தொடுத்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் இதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. இந்தப் பொக்ஸ்கள் உங்கள் இணைய இணைப்பை உங்களுக்குத் தெரியாமலே மற்றவர்களுக்கு வாடகைக்கு விடும், ரிவி முன்னால் ஒருவரும் இல்லாத நேரத்திலும் விளம்பரங்களை அழுத்திக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் சிம் போட்ட ரவுட்டர்தான். டேட்டா ஏன் இப்படிப் பறக்கிறது என்று பிள்ளைகளை ஏசுவதற்கு முன் பொக்ஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சான்று பெற்ற கருவியிலும் டேட்டாக் கணக்கு முக்கியம்தான்: நெற்ஃபிளிக்ஸ் எச்.டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை.

இனி கலியாண வீடியோக்கள். இதற்கு அன்ட்ரொயிட் வேண்டியதில்லை. லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை மெமரி கார்டில் எழுதிப் பையில் போட்டால் போதும். 2016 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 'கோடி' என்ற படம்காட்டும் செயலியை மட்டும் ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டது, அதனால் சின்னக் கருவியிலும் இலகுவாக ஓடும். பை 4க்கும் 5க்கும் வெவ்வேறு கோப்புகள், சரியானதைப் பார்த்து இறக்க வேண்டும். யூரியூப்பும் இதில் வரும், ஆனால் கூகுளில் சொந்தமாக ஒரு ஏபிஐ சாவி (செயலி யூரியூப்போடு பேச அனுமதிக்கும் இரகசியக் குறியீடு) எடுத்துப் பதிய வேண்டும். அது எல்லாருக்கும் ஏற்ற வேலை இல்லை.

பை 4 போதும். வீடியோக்காரர்கள் பெரும்பாலும் தரும், எச்.264 என்ற முறையில் சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் தனிப்பகுதி பை 4இன் சிப்பிலேயே உண்டு. பை 5இல் அதை எடுத்துவிட்டார்கள். வேகமான சிப் என்பதால் 5 அதைச் சமாளித்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் இந்த வேலைக்கு மேலதிகக் காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. மைக்ரோ எச்.டி.எம்.ஐ கேபிளையும் தம்பி அங்கேயே வாங்கட்டும். இங்கே கேட்டால் மினியை எடுத்துத் தருவார்கள், அது பொருந்தாது. இரண்டு துளைகளில் பவர் வயருக்குப் பக்கத்தில் இருப்பதில் செருகுங்கள். ரிவியின் அமைப்புகளில் சி.ஈ.சியை இயக்கிவிட்டால் ரிவி ரிமோட்டே பையையும் இயக்கும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெற்+, எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஹார்ட்டிஸ்கில் உள்ளவற்றை முதலில் இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள், அதன் பிறகு பையில் கொழுவுங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் பழுதாகலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் மிஞ்சிய ஒரேயொரு கசற்றையோ சீடியையோ வைத்து எடுத்த பிரதியாக அது இருந்தால், அதை மறுபடி எங்கேயும் வாங்க முடியாது.

கேள்வி: அண்ணா, பை 4இல் லிப்ரெஎலெக் போட்டிருக்கிறேன். திரையின் மூலையில் அடிக்கடி மின்னல் அடையாளம் வருகிறது. ஹார்ட்டிஸ்கைக் கொழுவினால் அப்படியே நின்று திரும்பத் தொடங்குகிறது. 33 வாட் போன் சார்ஜர்தான் பாவிக்கிறேன், அது காணாதா? பை பழுதா?
வாசகர், மல்லாவி

பதில்: பை நன்றாக இருக்கிறது, சார்ஜர்தான் பிழை. பைக்குள் வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே விழும்போது அந்த மின்னல் அடையாளம் தோன்றும். உங்கள் சார்ஜர் 33 வாட் கொடுப்பது கூடிய வோல்ட்டில், அதற்கேற்ற போனுக்கு மட்டும். பை 5 வோல்ட்டை மட்டுமே எடுக்கும். சார்ஜரின் அடியில் உள்ள பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். 5 வோல்ட்டுக்கு நேரே 2 அம்பியர் என்று இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. பை 4க்கு 3 அம்பியர் வேண்டும். அதற்கென்றே விற்கும் பவர் சப்ளை 5.1 வோல்ட் தருவது, வயரில் இழக்கப்படும் கொஞ்சத்தையும் ஈடுகட்டத்தான். மெல்லிய நீள வயரைப் பாவித்தால் நல்ல சார்ஜரும் தோற்றுப்போகும்.

பை 4இன் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 அம்பியர்தான் கொடுக்கும். பவர் சப்ளையை மாற்றிய பிறகும் டிஸ்க் தடுமாறினால், தனியாகக் கரண்ட் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றில் அதைக் கொழுவுங்கள்.

கரண்ட் போய் வரும் வீடு என்றால், லிப்ரெஎலெக் இன்னொரு வகையிலும் பொருத்தம். அதன் இயங்குதளப் பகுதி வாசிக்க மட்டுமே திறக்கும் கோப்பாக இருப்பதால் திடீரென நின்றாலும் இலகுவில் பழுதாகாது. உங்கள் படப் பட்டியலும் அமைப்புகளும் இருக்கும் பகுதி எழுதப்படுவது, பழுதாவது அதுதான். எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் அமைப்புகளுக்குள் போய் ஒரு காப்புப்பிரதி எடுத்து வையுங்கள். ரவுட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் பையைக் கொழுவ நினைத்தால் அதிலும் அம்பியரைப் பாருங்கள், பலவற்றின் யுஎஸ்பி துளை 2 அம்பியரோடு நின்றுவிடும். இடி மின்னல் நேரத்தில் எல்லாவற்றையும் பிளக்கோடு கழற்றுங்கள், டிஷ் வயரையும் சேர்த்து.

கேள்வி: பைக்கு என்று 128 ஜிபி மெமரி கார்ட் வாங்கினேன். கொஞ்சம் படம் ஏற்றியதும் மற்றதெல்லாம் திறக்காமல் போகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
வாசகர், முள்ளியவளை

பதில்: போலிக் கார்டாக இருக்க நிறைய வாய்ப்பு. உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, கணினிக்கு 128 என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ற்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது கார்ட் முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிடும். நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். கடைசியில் வரும் முடிவைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். அப்போதும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முறைப்பாடு பலவீனமாகிவிடும். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் லிப்ரெஎலெக்குக்கு 128 ஜிபி தேவையே இல்லை. படங்களை டிஸ்கில் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான கடையில் ஏ1 அடையாளம் உள்ள 16 அல்லது 32 ஜிபி கார்ட் ஒன்று எடுங்கள்.